உத்தரவு இல்லாமல் அடித்த தமுக்கு

காத்தவராயனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அது பிறவிக் குணம் இல்லை. குடியாத்தம் பக்கத்திலிருந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தங்க வயலுக்கு நடந்து வந்த புதிதில் அவன் வாய் இருக்கிற இடமே தெரியாது. சுரங்கத்தில் ஒரு நாள் வெடி வைத்தபோது, ஒதுங்கச் சொல்லிக் கத்தியது அவனுக்கு எட்டவில்லை. உயிர் தப்பியது, வலது காது போயிற்று. அதற்குப் பிறகு தனக்குக் கேட்கிற மாதிரி அவன் பேசினால் அது தெருவுக்கே கேட்டது. ஒரு காதை வைத்துக்கொண்டு கீழே இறங்க லாயக்கில்லை என்று சுரங்க வேலையும் போய்விட்டது.

அந்தக் குரல்தான் பிறகு அவனுக்குச் சோறு போட்டது. ஊரில் பிளேக் வந்து, மைசூர் சர்க்கார் பிளேக் கமிட்டி என்று ஒன்றை ஏற்படுத்தியபோது, தமுக்கடித்துச் சேதி சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. கமிட்டி செக்ரெட்டரி ஜெயகரன் ஆளைப் பார்த்து வேலை கொடுக்கவில்லை. ஆபீஸ் வாசலில் காத்தவராயன் யாருடனோ வெற்றிலைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த சத்தம் உள்ளே கேட்டது. "அவனக் கூப்புடு" என்றார். அவ்வளவுதான் பரீட்சை.

தமுக்கைக் கையில் கொடுத்த அன்றைக்கே ஜெயகரன் சொல்லிவிட்டார். "இது சர்க்கார் சொத்துடா. உத்தரவு இல்லாம இதுல ஒரு அடி விழக்கூடாது. விழுந்தா வேல போச்சு. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு எசமான்" என்று காத்தவராயன் சொன்னது பக்கத்து ஆபீசுக்கும் விளங்கியது.

எழுத்துத் தெரியாதவனுக்கு உத்தரவு மனசில் நிற்க வேண்டுமே, அதற்கு அவனிடம் ஒரு வழி இருந்தது. ஜெயகரன் காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார். காத்தவராயன் தமுக்கைக் கழுத்தில் மாட்டி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, வரிக்கு ஒரு அடி மெதுவாகப் போட்டுத் திருப்பிச் சொல்வான். காது கேட்காத பக்கத்தில் சத்தம் நெஞ்செலும்பு வழியாக ஏறும். அதோடு சொல்லும் ஏறிக்கொள்ளும். அப்படி ஏறியது எத்தனை மாதம் ஆனாலும் இறங்காது. ஆனால் தமுக்கைக் கழற்றி வைத்துவிட்டால் ஒரு சொல் வராது. "இன்னாய்யா இன்னிக்கு சேதி?" என்று வீட்டில் ரத்தினம்மா கேட்டால் திருதிருவென்று விழிப்பான்.

"ஊருக்கே கத்திட்டு வர்ற, பொண்டாட்டிகிட்ட சொல்றதுக்கு மட்டும் வாயில கொழுக்கட்டையா?" என்று அவள் சிரிப்பாள்.

அந்த ரத்தினம்மாதான் இப்போது கேம்பில் கிடந்தாள். சுரங்கத் தொழிலாளர் குடிசை வரிசையான லைனில் எலிகள் செத்து விழுந்த வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, அக்குளில் கட்டி வந்தது. கமிட்டி ஆட்கள் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், குடிசையின் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். கேம்ப் என்பது ஊருக்கு வெளியே பொட்டலில் வரிசையாகப் போட்ட தட்டிக் கொட்டகைகள். சுற்றிலும் கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் சொந்தக்காரர்கள், அந்தப் பக்கம் நோயாளிகள். இங்கிருந்து கத்துவார்கள், அங்கிருந்து கையை ஆட்டுவார்கள். காத்தவராயனுக்கு மட்டும் அதில் ஒரு சிரமமும் இல்லை.

ரத்தினம்மா பிழைத்துவிட்டாள். கட்டி உடைந்து காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் எழுந்து நின்றால் கால் நடுங்குகிறது. புண்ணுக்கு மருந்து கட்டுகிற கேம்ப் டிரஸ்ஸர் கயிற்றருகே வந்து சொன்னான். "மருந்தெல்லாம் முடிஞ்சுதுப்பா. காலையில கஞ்சி, சாயங்காலம் பால். இனிமே இதான் மருந்து. இது நின்னா அவ நிக்க மாட்டா."

இதெல்லாம் இருக்க, ஒரு வெள்ளிக்கிழமை ஜெயகரன் புதிய உத்தரவைப் படித்தார். முதல் வரிக்குக் காத்தவராயன் அடி போட்டான். இரண்டாவது வரிக்குக் கை எழவில்லை.

"என்னடா, அடி."

அடித்தான். சர்க்கார் கொடுத்த பணம் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் கேம்பில் கஞ்சியும் பாலும் கிடையாது. வேண்டியவர்கள் பணம் கட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டும். உத்தரவு இதுதான். காத்தவராயன் சம்பளத்தில் வாரம் முழுக்கப் பால்கூட வாங்க முடியாது, கஞ்சி எங்கே?

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் முதல் முக்கில் நின்று தமுக்கைத் தட்டினான். "பிளேக் கமிட்டி உத்தரவு! கேட்டுக்கோ, அண்டை வூட்டுக்கும் சொல்லு!" என்று வழக்கம்போல ஆரம்பித்தான். கஞ்சி நிற்கிறது என்கிற இடம் வந்ததும் குரல் இறங்கிவிட்டது. அவன் குரல் இறங்கி அந்தத் தெரு பார்த்ததே இல்லை. ஆப்பக்கடை ஐடா கரண்டியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தாள்.

"இன்னாபா, பணம் தீந்துபோச்சுன்ற? போன மாசம் கமிட்டிக்கு ஆடு வேணும், கோழி வேணும்னு இதே முக்குல நின்னு கத்துனவன் நீதானே?"

கூட்டம் சிரித்தது. காத்தவராயனும் சிரித்தான். ஐடா விடவில்லை.

"கமிட்டி பங்களாவாண்ட பந்தாட்ற எடம் போட்டாங்களே, செம்மண்ணு ஏத்த வண்டி கூப்டது ஆரு? கண்ணாடி ஜன்னலு வெக்கத் தச்சன் வேணும்னு கூப்டது ஆரு? அல்லாம் ஓன் வாயிதான்யா."

சிரிப்பு அவன் முகத்திலேயே காய்ந்துபோயிற்று. அவள் சொன்னது அத்தனையும் நிஜம். ஒவ்வொன்றும் தனித்தனி நாள், தனித்தனி உத்தரவு. ஊரும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. இவனும் அப்படித்தான், தமுக்கைக் கழற்றியதும் மறந்துவிட்டான். ரத்தினம்மாவின் பாலைத் தன் வாயாலேயே முக்குக்கு முக்கு கூவிக் கொட்டியிருக்கிறோம் என்று இப்போதுதான் உறைத்தது.

"நான் இன்னாக்கா பண்ணுவேன்?"

"நாளைக்குப் பெங்களூர்லருந்து கணக்குப் பாக்கற ஆபீசரு ரயில்ல வராராம். கமிட்டி பியூன் ஆப்பம் துன்னும்போது சொன்னான். சர்க்கார் ஒரு தொகைதான் குடுத்துச்சாம், கொட்டாய்க்கு, கஞ்சிக்கு, மருந்துக்கு. அதுக்கு மேல போனாலும் வேற எதுக்கு எடுத்தாலும் மைசூரக் கேக்கணுமாம். கேட்டாங்களா? நீ போய் அவராண்ட சொல்லு. செக்ரெட்டரி வர்றதுக்கு மின்னாடி சொல்லு."

அன்றிரவு அவன் படுத்தான் என்று சொல்ல முடியாது. விடியும்வரை புரண்டான், எழுந்தான், வெளியே போய் நின்றான், திரும்ப வந்தான். காலையில் வந்த முதல் வண்டிக்கே மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். அதில் யாரும் வரவில்லை. உட்காரவும் முடியாமல் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தான். ஸ்டேஷன் போர்ட்டர் இரண்டு தடவை விரட்டினான், இரண்டு தடவையும் திரும்பி வந்தான்.

அடுத்த வண்டியின் முதல் வகுப்பிலிருந்து ஒரு தொப்பி இறங்கியது. தொப்பிக்குக் கீழே வெள்ளைக் கோட்டு, தோல் பை, சுருட்டு. காத்தவராயன் ஓடினான்.

அவன் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. தங்க வயலில் யாரைக் கேள்வி கேட்பதானாலும் தொப்பிதான் கேட்கும். ஷிப்டுக்குப் பேர் கூப்பிடுவது தொப்பி, கேஜ் என்கிற சுரங்கக் கூண்டில் ஏற்றி இறக்குவது தொப்பி. இவன் பிறந்த வட ஆர்க்காட்டிலும் கலெக்டர் என்றால் தொப்பிதான். தாங்கள் மிதிக்கிற மண் மைசூர் மகாராஜாவுடையது என்பதை லைன் ஜனங்களில் யாருமே நினைத்துப் பார்த்ததில்லை.

"தொரே, பிளேக் கமிட்டிக்கா வரீங்க?"

"ஆமா மேன். நீ யார்?"

துரை தமிழ் பேசியதும் காத்தவராயனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆடு, கோழி, கண்ணாடி, செம்மண், ரத்தினம்மாவின் பால் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கொட்டினான். கையில் தமுக்கு இல்லாததால் எது முன்னே எது பின்னே என்று அவனுக்கே தெரியவில்லை. பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. துரை பொறுமையாகக் கேட்டு, தோளில் தட்டி, "நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு சுருட்டையும் கொடுத்தார்.

பேச்சுக்கு நடுவே யாரோ ஒருவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். சரிகைக் கரை போட்ட தலைப்பாகை, பஞ்சகச்சம், கழுத்துவரை மூடின கறுப்புக் கோட்டு, கையில் குடை. "பிளேக் கேம்ப் எல்லப்பா?" என்று கன்னடத்தில் வழி கேட்டார். யாரோ பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று எண்ணி, காத்தவராயன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அப்படிப் போ சாமி, போ போ" என்று கையை வீசினான்.

மத்தியானம் தமுக்கை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனபோது ஜெயகரன் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே நாற்காலியில் அதே தொப்பித் துரை கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் கிளாரன்ஸ். கணக்குக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெங்களூர் கண்டோன்மெண்டில் பில்லியர்ட்ஸ் மேஜை விற்கிறவர். கமிட்டி பங்களாவுக்கு ஏற்கனவே ஒரு மேஜை கொடுத்திருந்தார், இரண்டாவதற்கு அளவு எடுக்க வந்திருந்தார்.

"கமிட்டியப் பத்தி ஸ்டேஷன்ல பிரசங்கம் பண்ணியாமே?" என்றார் ஜெயகரன். காத்தவராயன் கழுத்திலிருந்த தமுக்கைத் தம் கையாலேயே கழற்றினார். கிளாரன்ஸ் டீக்கோப்பையைப் பார்த்துச் சிரித்தார். "திங்கக்கெழம காலையில வா. உன் விஷயத்த முடிச்சுடறேன்." தமுக்கு ஆபீஸ் சுவரில் ஆணிக்குப் போயிற்று.

ஜெயகரன் திருடர் இல்லை. ஒரு தம்பிடிகூட அவர் வீட்டுக்குப் போகவில்லை. கமிட்டிப் பெரிய மனிதர்கள் பந்தாட இடம் கேட்டார்கள், தலையாட்டினார். விருந்து கேட்டார்கள், தலையாட்டினார். எல்லாவற்றையும் கொட்டகைச் செலவு என்று எழுதி வைத்தார். இப்படித் தலையாட்டுகிறவர்கள் செய்கிற கெடுதலில் பாதிகூடத் திருடர்கள் செய்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

காத்தவராயன் கடைத்தெருவைச் சுற்றினான், லைனைச் சுற்றினான், நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் போய், ஏன் வந்தோம் என்று தெரியாமல் அங்கிருந்து திரும்பினான். கடைசியில் கால்கள் அவனைக் கேம்புக் கயிற்றில் கொண்டுவந்து விட்டன. ரத்தினம்மா கொட்டகை வாசலில் பாயில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை எல்லாம் கத்திச் சொன்னான். கேம்பே கேட்டது.

"தொப்பி போட்டவனாண்ட போய் ஏன்யா சொன்ன?" என்றாள் அவள். குரல் ஈனமாக இருந்தாலும் கேலி குறையவில்லை. "இந்தக் கொட்டாயி போட்டப்போ பாத்து எழுதிக்கினு போனது ஆரு? தலப்பா கட்டினவருதான். மைசூர் சர்க்காருன்னா தலப்பாதான்யா. ரயில்ல தலப்பா கட்டிக்கினு ஆரும் எறங்கலியா?"

குடை, கறுப்புக் கோட்டு, 'போ போ' எல்லாம் காத்தவராயனுக்கு ஒன்றாக ஞாபகம் வந்தது.

"எறங்கினாரு" என்றான். அவன் ஆயுசில் மெதுவாகச் சொன்ன சொல் அதுவாகத்தான் இருக்கும்.

"அப்போ போ. அவராண்ட போய்ச் சொல்லு. என்னப் பாத்துக்கினு நின்னா பால் வருமா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெயகரன் குடும்பத்தோடு கிறிஸ்தவக் கோயிலுக்குப் போயிருந்தார். ஞாயிறானாலும் தணிக்கை அதிகாரிக்கு வேலை இருந்தது, அவர் தனியாக ஆபீசில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். காத்தவராயன் வராந்தாவுக்குக் கீழே கைகட்டி நின்றான். தமுக்கடிப்பவன் படியேறும் வழக்கம் அங்கே இல்லை.

அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நேத்து என்னை 'போ போ'ன்னு விரட்டினவன் நீதானே?"

"தெரியாம சொல்லிட்டேன் சாமி."

"சரி. என்ன விஷயம்?"

"பணத்த வேற செலவு பண்ணிட்டாங்க சாமி. பால் நிக்கப்போகுது."

"செலவு கூடுதல்னு எனக்கும் தெரியுது. ஆனா எல்லாம் கொட்டகைன்னு எழுதியிருக்கு. நோயாளி ஜாஸ்தின்றார் செக்ரெட்டரி. பந்தாட்ட மைதானம் பார்த்தேன், அது பெரியவங்க சொந்தப் பணம்ன்றார். வேறன்னு நீ எதை வெச்சு சொல்றே? கமிட்டிதான் செஞ்சுதா? என்ன உத்தரவு வந்தது, சொல்லு."

காத்தவராயன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. ஆடு என்று நினைத்தால் ஜன்னல் வந்தது, ஜன்னலைப் பிடித்தால் செம்மண் வந்தது, அதுவும் பாதியில் நின்றது. தொடையில் தட்டிப் பார்த்தான். மார்பில் தட்டிப் பார்த்தான். அதிகாரி காத்திருந்தார், பிறகு காகிதத்துக்குத் திரும்பிவிட்டார். கோயிலில் கடைசிப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அது முடிந்தால் ஜெயகரன் வந்துவிடுவார்.

சுவரில் தமுக்கு தொங்கியது.

எப்படிப் படியேறினான் என்று அவனுக்கே தெரியாது. ஆணியிலிருந்து தமுக்கை எடுத்தான், கழுத்தில் மாட்டினான், கீழே இறங்கி நின்று ஓங்கி ஒரு அடி அடித்தான்.

"பிளேக் கமிட்டி உத்தரவு! கேட்டுக்கோ, அண்டை வூட்டுக்கும் சொல்லு! கமிட்டி பங்களாவாண்ட பந்தாட்ற எடத்துக்குச் செம்மண்ணு ஏத்த வண்டி வேணும்! கூலி கமிட்டி ஆபீசுல வாங்கிக்கோ!"

அதிகாரியின் பேனா நின்றது. காத்தவராயன் நிற்கவில்லை. ஓர் அடிக்கு ஒரு வரியாக, மாதக்கணக்கில் நெஞ்சில் ஏறிக் கிடந்ததெல்லாம் வந்த வரிசையிலேயே வந்தது. கண்ணாடி ஜன்னல் வந்தது. விருந்துக்கு ஆடும் கோழியும் வந்தன. மேஜையைப் பெட்டி பிரித்து ஏற்ற ஆள் வந்தது. எல்லாவற்றுக்கும் தலையில் கமிட்டி உத்தரவு, வாலில் கமிட்டி ஆபீஸ் கூலி. கடைசியாக, பணம் தீர்ந்துபோய்க் கஞ்சி நிற்கிற உத்தரவு.

தமுக்குச் சத்தம் கேட்டால் கூடுவது ஊர்ப் பழக்கம். கடைத்தெரு கூடியது. கோயிலிலிருந்து வந்தவர்களும் கூடினார்கள். ஐடா முன்னால் நின்று, "ஆமா, நாங்கல்லாம் கேட்டோம்" என்றாள். "வண்டி நான்தான் ஓட்டினேன்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். பாட்டுப் புத்தகமும் கையுமாக ஓடிவந்த ஜெயகரன் கூட்டத்தின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

அதிகாரி வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து, "இந்தத் தமுக்கு யாருது?" என்று கேட்டார்.

"கமிட்டிது சாமி."

"இப்போ அடிக்கச் சொன்னது யார்?"

'நீங்க சொல்லச் சொன்னீங்களே' என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இப்போது தோன்றுகிறது, அவனுக்கு அப்போது தோன்றவில்லை. "ஆரும் சொல்லல சாமி. நானேதான் அடிச்சேன்" என்றான்.

பெங்களூருக்குத் தந்தி போயிற்று. திங்கட்கிழமை விடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அனுமதியில்லாமல் செய்த செலவைக் கமிட்டி அங்கத்தினர்களே கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். கேம்பில் கஞ்சியும் பாலும் ஒரு வேளைகூட நிற்கக்கூடாது. கஞ்சிச் சேதியைத் தமுக்கடித்துத் தெரிவிக்க வேண்டும்.

சனிக்கிழமை ஜெயகரன் சொன்னபடியே காத்தவராயன் காலையில் ஆபீசுக்கு வந்து நின்றான். ஜெயகரன் ஒரே இரவில் பத்து வயது கூடினவர் மாதிரி இருந்தார். அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, உத்தரவு இல்லாம சர்க்கார் தமுக்க அடிச்சா வேலையிலருந்து நீக்கணும். வேல குடுக்கும்போதே சொல்லியிருக்கேன். அதுவும் விதிதான்."

காத்தவராயன் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி குடையைப் பார்த்துக்கொண்டார்.

"அனுமதி இல்லாம செலவு செஞ்சது தப்புன்னு எழுதியிருக்கேன்" என்றார் கடைசியில். "அனுமதி இல்லாம அடிச்சது சரின்னு எந்தக் கையால எழுதறது? நீ நல்லவனப்பா. ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அந்தத் தலைப்பாகை மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. ஜெயகரனைப் பிறகு வேறு ஊருக்கு மாற்றினார்கள், சம்பளத்தோடு. காத்தவராயனை மாற்ற வேறு ஊர் இல்லை.

புதிய ஆள் கிடைக்கும்வரை தமுக்கை யார் அடிப்பது? அதற்கும் அவன்தான். ஜெயகரன் உத்தரவைப் படித்தார். காத்தவராயன் தமுக்கை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வரிக்கு ஒரு அடி போட்டுச் சொன்னான். தன் பெயர் வந்த வரியிலும் அடியை விடவில்லை.

ஆண்டர்சன்பேட்டையின் எல்லா முக்கிலும் சொன்னான். ஐடா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கடைசியாகக் கேம்புக் கயிற்றில் வந்து நின்றான்.

"பிளேக் கமிட்டி உத்தரவு! கேட்டுக்கோ, அண்டை வூட்டுக்கும் சொல்லு! கேம்புல கஞ்சியும் பாலும் நிக்காது! ஆரும் பணம் கட்ட வேணாம்! தமுக்கடிக்கிற காத்தவராயன் இன்னியோட வேலையிலருந்து நீக்கம்! அந்த வேல வேணும்ன்றவங்க ஆபீசுக்கு வரலாம்!"

கொட்டகைகளிலிருந்து ஜனங்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ரத்தினம்மா தட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கால் நடுங்கியது, ஆனாலும் நின்றாள்.

"அந்தக் கஞ்சி சேதிய இன்னொருவாட்டி சொல்லுய்யா" என்று கத்தினாள். "கோடிக் கொட்டாயில கேக்கலியாம்."

உத்தரவில் பாதியை மட்டும் சொல்லும் வழக்கம் அவனுக்கு இல்லை. தமுக்கை ஓங்கித் தட்டி, கஞ்சியில் ஆரம்பித்துத் தன் பெயர் வரைக்கும் முழுவதையும் மறுபடி சொன்னான்.